சீனத்துப் பாதாம் பிஸ்கட்டும் ஓமலூர்ச் சம்பந்தமும்

இளவழகனுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழித்தீவன ஆலையில் சூப்பர்வைசர் வேலை, சொந்த வீடு, குடி கிடையாது, இரண்டு காதும் தெளிவாகக் கேட்கும். இத்தனை இருந்தும், வந்த பெண்வீட்டார் எல்லோரும் வீட்டைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்தப் பக்கத்துச் சட்டம் கடுமையானது. சம்மதம் இருந்தால்தான் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். கடை மிக்சரைக் கொறிக்கலாம், குற்றமில்லை. அந்த வீட்டு அடுப்பில் வெந்ததில் ஒரு வாய் உள்ளே போனால், பேச்சு முடிந்ததாக அர்த்தம்.

இளவழகன் இதை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தான். கேசரியையும் பஜ்ஜியையும் கண்டால் வேண்டாமென்று சொல்ல மக்கள் பரம்பரையாகப் பழகியிருக்கிறார்கள். பெயர் தெரியாத பண்டத்தை மறுக்க யாருக்கும் பயிற்சியில்லை. போனில் தேடியபோது சீனத்துப் பாதாம் பிஸ்கட்டின் செய்முறை கிடைத்தது. சின்ன மின்சார ஓவன் ஒன்றும் வாங்கினான்.

முதல் தடவை உருண்டைகளெல்லாம் உருகி ஒன்றாகி, தட்டு முழுக்க ஒரே தோசையாகிவிட்டது. அடுத்தது கல். அம்மா பொன்னாயி ஒன்றைச் சுவரில் தட்டிப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, இத மில்லுக்கே கொண்டுபோயிரு. கோழியாச்சும் கொத்தும்."

"கோழிக்கு இதத் திங்கப் பல்லு வேணும்மா."

வெண்ணெயைக் குறைத்து, பாதாமை அவனே பொடித்து, மாவைக் குளிரவைத்து, மேலே மஞ்சள் கரு பூசியபிறகு பண்டம் வழிக்கு வந்தது. நடுவில் அரைப் பாதாம். தங்கக் காசுக்குப் பொட்டு வைத்ததுபோல.

அப்போதுதான் தரகர் தனசேகர் ஓமலூர்ச் சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் ரஞ்சிதா, மருந்துக்கடையில் வேலை. போட்டோவில் அவள் சிரிக்கவில்லை. எடுத்தவனைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளவழகன் அந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்தான். இவளாவது வரட்டும் என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தாய்மாமன் சின்னண்ணனும் அத்தை பெரியநாயகியும் தனசேகரோடு வந்தார்கள்.

"காப்பி வேணாமுங்க, இப்பத்தான் குடிச்சோம்" என்றார் மாமன், செருப்பைக் கழற்றும்போதே.

இளவழகன் தட்டை வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவன்போல நின்றான். அத்தை ஒன்றை எடுத்து மோந்தாள். கடித்தாள். மாமன் கை நீண்டது. மறுபடியும் நீண்டது. இளவழகன் மனசுக்குள் மண்டபம் பிடித்துவிட்டான்.

"நல்லாருக்குதுங்க. எந்தக் கடையிலீங்க வாங்குனீங்க?" என்றாள் அத்தை.

அவன் வாய் திறப்பதற்குள் பொன்னாயி முந்திக்கொண்டாள். "கடையாவது ஒண்ணாவது! எம்பையன் அவங்கையால சுட்டதுங்க."

மாமனின் தாடை பாதியில் நின்றது. அத்தை தன் கையிலிருந்த பாதியைப் பாம்புக்குட்டிபோலப் பார்த்துத் தட்டில் வைத்தாள்.

"ஏனுங்க, சொல்லிப்போட்டுல்ல குடுக்கோணும்? பாக்கத்தானுங்க வந்தோம். இன்னும் ஒண்ணும் பேசலீங்களே!" என்றார் மாமன்.

"பிஸ்கட்டுதானுங்க..." என்றான் இளவழகன்.

"பிஸ்கட்டோ பிரியாணியோ, ஊட்டு அடுப்புல ஆனதுதானுங்களே? தந்திரமா வாயில போட்டுட்டீங்களே!"

வாசலில் நின்று மாமன் வாய் கொப்பளித்தார். சம்மதம் அத்தனையும் செம்பருத்திச் செடிக்குப் போய்ச் சேர்ந்தது. கார் கிளம்பியது.

கார் பைபாஸ்கூடத் தாண்டியிருக்காது, தனசேகர் போனில் வந்தார்.

"தம்பி, அது ஆகாதுங்க. அடுத்த வாரம் வாரேன்னாங்களே இன்னொரு பொண்ணூட்டுக்காரங்க, அவங்களுக்கும் இந்த மாமனே போன் போட்டுட்டார். உங்க ஊட்டுல தண்ணி குடிக்கவே பயப்படுவாங்களாட்ட இருக்குது."

இளவழகன் போனை மறு காதுக்கு மாற்றினான். பிறகு, "அந்தப் பொண்ணு என்னங்க சொல்லுச்சு?" என்றான்.

"அதுகிட்ட யாரு தம்பி கேட்டா?"

சம்மதமானால் காரில் கொடுத்தனுப்பலாமென்று ஓவனில் வைத்த இன்னொரு தட்டு அதற்குள் கருகத் தொடங்கியிருந்தது. வாடை கூடத்துக்கு வந்தது. பொன்னாயி மகனைப் பார்த்தாள். இரண்டுபேரும் எழுந்திருக்கவில்லை.