சுலோஜனா வரைந்த நாலு குசினிகள்

கோபம் வந்தால் சுலோஜனாவின் குரல் உயராது, தாழ்ந்து போகும். அன்று ஆதரவற்றோர் இல்லத்தின் தலைவர் இராசநாயகம் அவள் வரைந்த வீட்டுப் படத்தை மேசையில் விரித்தபோது, அவள் பேசியது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்த இல்லத்துத் தாய்மார் நாலு பேரும் அவர்களுடைய பிள்ளைகளும் ஒரு பழைய மண்டபத்தில் பாய் போட்டுக் கிடந்தார்கள். அவர்களுக்காகத் தீவுக் கிராமமான சுருவிலில் நாலு சிறிய வீடுகள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால், ஓட்டில் விழும் மழையெல்லாம் தொட்டிக்குப் போகும்படி வரைந்திருந்தாள். கூரைக்குப் பனஞ்சலாகை, காற்று வரும் பக்கம் பெரிய யன்னல். ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளேயிருந்து தாழ் போடக்கூடிய கதவோடு, சமைத்துச் சாப்பிட ஒரு குசினி.

அந்த நாலு குசினிகளையும் யாரோ சிவப்புப் பேனாவால் வெட்டி, பக்கத்தில் ‘சாப்பாட்டு மண்டபம்’ என்று எழுதியிருந்தார்கள்.

“குறை நினையாதையும் பிள்ளை,” என்றார் இராசநாயகம். “வெளிநாட்டில இருக்கிறவை தாய் தேப்பன்ரை திவசத்துக்குத்தானே இஞ்சை சாப்பாடு குடுக்கினம். அவையின்ரை ஆக்கள் வந்து பரிமாற வேணும், படமெடுத்து அனுப்ப வேணும். நாலு குசினிக்குள்ள அது ஏலுமே?”

செத்துப்போன தாய்க்குப் புண்ணியம் தேட, உயிரோடிருக்கிற தாயின் அடுப்பைப் பிடுங்குவதாம்! நல்ல தர்மம்!

சுலோஜனா பிறந்தது அதே தீவின் புளியங்கூடலில். சண்டைக்குப் பயந்து தீவைவிட்டு ஓடியபோது சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடமொன்றில் அகதியாகக் கிடந்த காலம் முழுக்க அவளுடைய அம்மா அடுப்பு மூட்டவேயில்லை. யாரோ அள்ளி வைத்ததை வாங்கி வந்து ஊட்டினாள். பிள்ளைக்கு உறைப்புக் கூடிவிட்டதென்று தெரிந்தும் அந்த மனுசியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு சுலோஜனா படித்துக் கட்டடக் கலைஞராகி, கொழும்பில் எத்தனையோ பணக்காரருக்கு வீடு வரைந்து கொடுத்தாள். அந்த ஆற்றாமை மட்டும் போகவில்லை.

“ஐயா, உங்கட அம்மாவின்ரை திவசத்துக்கு உங்கட பேரப்பிள்ளையளை வரிசையில இருத்திப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவியளே?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற? இதுகளுக்கு வெக்கம் ரோசம் இல்லையே? குசினி இல்லாத படத்தில நான் கையெழுத்து வைக்கமாட்டன். வேற ஆளைப் பாருங்கோ.”

வேறு ஆளைப் பிடித்து முதலிலிருந்து தொடங்கினால் மாரிக்கு முன் அத்திவாரம் போட முடியாது. இராசநாயகம் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார். வெளிநாட்டிலிருந்து உதவி செய்த இரண்டு பேர் கோபித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். போனால் போகட்டும் என்றாள் சுலோஜனா.

நாலு வீடும் கட்டிக் குடிபூரல் முடிந்த மறுநாள், வீடு கிடைத்த தாய்மாரில் ஒருத்தியான மீனாம்பிகை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தன் கையால் சமைத்த சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி. மகள் கஜானி நிமிர்ந்து உட்கார்ந்து, சோற்றுக் கோப்பையில் கை வைக்காமல் சிரித்துக்கொண்டேயிருந்தாள்.

“சாப்பிடன் பிள்ளை, ஆறப்போகுது.”

“இன்னும் ஒருத்தரும் படம் எடுக்கேல்லையே, அம்மா.”

சுலோஜனா பிசைந்த சோற்றைத் திரும்பக் கோப்பையில் வைத்தாள். அந்தப் பழைய மண்டபம் பிள்ளைக்குப் பழக்கியிருந்தது இதைத்தான்.

மீனாம்பிகை எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

“இனி ஒருத்தரும் எடுக்கமாட்டினம்,” என்றாள். “நீ சாப்பிடு.”