சக் சாவி என் மடியில்

ஒருவர் இரும்பைக் கடைய, இன்னொருவர் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலுக்குப் பெயர் லேத் பட்டறை. உங்கள் வீட்டிலும் ஒருவர் எந்திரத்தின் முன் நிற்கிறார் என்றால், இதைப் படிக்கும்போதும் ஒரு காதை அந்தப் பக்கம்தான் வைத்திருப்பீர்கள்.

என் கணவர் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் டர்னராக, அதாவது லேத்தில் இரும்பு கடைபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் வடலூர் சாலையில் ஒரு ஷெட் பிடித்து, பழைய லேத் ஒன்றைப் போட்டார். வருகிறவர்களிடம் பேசுவது என் பங்கு. இலக்கியம் படித்தவளுக்கு அமைந்த உத்தியோகம்.

மூன்று தாடைகள்

கடைய வேண்டிய இரும்பை மூன்று தாடைகளால் கவ்விக்கொண்டு சுழல்வதுதான் சக். இங்கே காற்றிலேயே கரித்தூள். அது கிரீஸோடு சேர்ந்து உள்ளே இறுகிவிட்டால், தாடைகள் கவ்வியதுபோல் நடிக்கும். அதனால் அடிக்கடி கழற்றிக் கழுவுவோம். தாடைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வெட்டியிருக்கும். அந்தந்தத் தாடை அந்த வரிசையில்தான் உள்ளே போக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைச் செய்த என் கணவர், ஒருநாள் ஒன்றுக்கு அடுத்து மூன்றைப் போட்டார். இரும்பு நடுவில் நிற்காமல் ஆடியது. கழற்றினார், மறுபடியும் அதே மாதிரி போட்டார். பிறகு நான் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் மாட்டினார். உருளைகளைக் கடைந்து வாங்கக் காத்திருந்த காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் ரஹீம் சிரித்தார்: "சாருக்கு வயசாயிடுச்சுனு சக்குக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம்."

தகரத்தில் ஓட்டை

தாடைகளை இறுக்க ஒரு சாவி உண்டு. இறுக்கியதும் எடுத்துவிட வேண்டும். மறந்து மோட்டாரைப் போட்டால் சாவி பறக்கும். எதிரில் யார் இருக்கிறார் என்று பார்க்காது. சாவி சக்கில் இருக்கும்வரை அதிலிருந்து கையை எடுக்காதே என்று எத்தனையோ பேரைத் திட்டியவர் என் கணவர்.

கம்மாபுரத்து ஏழுமலை பம்ப்செட் தண்டு கொண்டுவந்த அன்று, இவரே பேசிக்கொண்டு இறுக்கினார். பேசிக்கொண்டே சுவிட்சைப் போட்டார். ஏழுமலையின் தோளுக்கு மேலே, தகரச் சுவரில் ஒரு ஓட்டை, அதில் வெயில். என் கணவர்தான் முதலில் வாய் திறந்தார்: "சாவிய அதுல யாரு வச்சது?"

புது வழக்கம்

டாக்டரிடம் போகலாம் என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல, தாடைதான் தேஞ்சிருக்கு" என்றார். எலெக்ட்ரீஷியனை அழைத்து, சுவிட்சை என் நாற்காலிக்குப் பக்கத்துக்கு மாற்றினேன். அன்றிலிருந்து சாவி என் மடியில். கேட்டு வாங்கி இறுக்குவார். திரும்ப என் கைக்கு வந்த பிறகே சுவிட்சைப் போடுவேன்.

மறுபடி வந்த ஏழுமலை, ஓட்டைக்கு நேரே நிற்காமல் தள்ளி நின்றுகொண்டு, "இன்னா ஆயா, பீரோ சாவி மாதிரி மடியிலயே வச்சிகினு குந்தியிருக்கீங்க?" என்றார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. சாவியை வாங்கிப் போய் நிதானமாக, அழகாக இறுக்கினார். பிறகு திரும்பி வந்து, வலது கையில் சாவியோடு இடது கையை என்னிடம் நீட்டினார்: "சாவியக் குடும்மா, இறுக்கணும்."

இப்போது எங்கள் பட்டறையில் அந்த மூன்று தாடைகளைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பது நான்தான்; என்னைக் கழற்றிக் கழுவி கிரீஸ் போடத்தான் ஆளில்லை.