ரம்யாவின் அம்மாவுக்கு ஒரு டிக்கெட்

ஞாயிறு காலை மணி 5.00, மைசூர் புறநகர் பஸ் நிலையம். மடிக்கேரி போகும் அரசு பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் ஆதார் அட்டைகளைப் பார்த்துவிட்டு இரண்டு பூஜ்ய டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். கர்நாடகத்தில் பெண்களுக்கு சாதாரண அரசு பஸ்ஸில் கட்டணம் கிடையாது. சொகுசு பஸ் என்றால் மைசூரிலிருந்து மங்களூருக்கு நேராகப் போய் இறங்கலாம், ஆனால் கையைக் கடிக்கும். சாதாரண பஸ் என்றால் மடிக்கேரி, சுள்ளியா, புத்தூர் என்று மூன்று இடத்தில் மாறி மாறிப் போக வேண்டும். ஏறக்குறைய 255 கிலோமீட்டர். நானும் மல்லிகா அத்தையும் மாறி மாறிப் போவதென்று முடிவு செய்திருந்தோம்.

மல்லிகா அத்தை என் வகுப்புத் தோழி ரம்யாவின் அம்மா. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து பதினைந்து வருடமாகக் கட்டட வேலையில் சித்தாளாக இருக்கிறார். ரம்யா எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். மூன்று வருடத்தில் முப்பத்தோரு ஆட்டம் ஆடியிருக்கிறாள். அவள் அம்மா ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இன்று மங்களூரில், அந்த ஊர்க் கல்லூரியை எதிர்த்து, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம், மதியம் மூன்றரைக்கு. கல்லூரியில் ரம்யாவுக்கு இதுதான் கடைசி ஆட்டம். அத்தையை எப்படியாவது அந்த மைதானத்துக்குள் உட்கார வைப்பதாக நான் சபதம் செய்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன்.

டிக்கெட் கதையைச் சொல்ல வேண்டும். மங்களூர்க் கல்லூரியில் கால்பந்து என்றால் திருவிழா. கேலரி டிக்கெட் 150 ரூபாய், நாற்காலி 400. கேலரி முழுவதும் ஒரே நாளில் விற்றுப்போய்விட்டது. ஆனால் வெளியூர் அணியின் கல்லூரிக்கு என்று இருபது டிக்கெட் தனியாக ஒதுக்குவார்கள், ஐம்பது ரூபாய்க்கு. அது எங்கள் விளையாட்டுத் துறை அலமாரியில் இருக்கிறது என்ற தகவல் எனக்குக் கிடைத்த அரை மணி நேரத்தில் நான் அந்த அறை வாசலில் நின்றேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, அது வேறு விஷயம். இரண்டு டிக்கெட். மொத்தம் நூறு ரூபாயில் இரண்டு பேருக்கு இறுதி ஆட்டம்! மைசூரில் என்னைவிட மலிவாக யாரும் வாங்கியிருக்க முடியாது என்று நான்கு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

காலை 6.00, ஹுன்சூர் தாண்டி. வெளிச்சம் வந்ததும் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சின்ன எழுத்தில், கல்லூரி அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி என்று போட்டிருந்தது.

"என்ன கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி போகுது?" என்றார் அத்தை.

சொன்னேன்.

"என்றகிட்ட ஆதார் இருக்குதே."

"அது பஸ்ஸுக்குத்தான் அத்தை."

"அப்ப போய்ப் பாத்துக்கலாம். இறங்கித் திரும்பினா மட்டும் என்னத்தக் கிழிக்கப் போறோம்? இன்னைக்கு வேலைதான் போயிருச்சே."

ரம்யாவிடம் நாங்கள் வருவதைச் சொல்லவில்லை. முன்பு இரண்டு முறை அத்தை வருவதாகச் சொல்லி, மேஸ்திரி விடாததால் போக முடியவில்லை. இரண்டாவது முறை ரம்யா மைதானத்தின் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றதில் பந்து காலுக்கு இடையில் போய்விட்டது. "வரேன்னு சொல்லி வராமப் போறதுக்குச் சொல்லாமயே போயிரலாம்" என்பது அத்தையின் கட்டளை.

காலை 7.00, குஷால்நகர். நாலு இட்லி, ஒரு வடை, இரண்டு காபி, தொண்ணூறு ரூபாய். 8.10க்கு மடிக்கேரி. குளிர் காற்று முகத்தில் அடிக்க, அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "இத்தன மேட்டுல எப்படிக் கல்லு ஏத்துனாங்க?" என்பதுதான் மடிக்கேரியைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை. அங்கிருந்து சுள்ளியா வரை மலை இறக்கம், 55 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு நான் கம்பியைப் பிடித்தேன், அத்தை நிம்மதியாகப் பேசிக்கொண்டு வந்தார்.

அவருக்கு ஒரு சந்தேகம். "பத்துப் பேரு ஓடுறாங்க. என்ற புள்ளைய மட்டும் ஏன் நிக்க வெச்சிருக்காங்க? ஓட மாட்டாளா?"

"அவதான் அத்தை பந்தைக் கையால பிடிக்கலாம். வேற யாருக்கும் அந்த உரிமை இல்லை."

"பிடிக்கிற வேலையா?" அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன!"

மாடி கட்டும்போது கீழே இருப்பவர் செங்கல்லை மேலே வீசுவார். சாரத்தில் நிற்பவர் பிடித்து அடுத்தவரிடம் கொடுப்பார். எங்கள் அத்தை அந்த சாரத்தில் நிற்கிற ஆள். கல்லை எதிர்த்துப் பிடிக்கக் கூடாதாம், அது வருகிற வேகத்தோடு கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டுமாம். முன்சீட்டில் இருந்தவர் பயந்து திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் செய்து காட்டினார்.

10.15 சுள்ளியா. 11.30 புத்தூர். 1.15 மங்களூர். இங்கே நகர பஸ்கள் தனியார் வண்டிகள், பூஜ்ய டிக்கெட் செல்லாது. மைதானம் வரை நாலு கிலோமீட்டருக்கு ஆளுக்குப் பதினைந்து ரூபாய். மே மாத வெயிலில் வேர்வை ஊற்றியது. கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

மதியம் 2.40, மைதானத்தின் கேட். காவலாளி நல்ல உயரம், கையில் ஒரு பட்டியல். என் அட்டையைப் பார்த்து உள்ளே போகச் சொன்னார். அத்தையின் டிக்கெட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "காலேஜ் கார்டு?"

"ஸார், இவங்க கோல்கீப்பரோட அம்மா" என்று கன்னடத்தில் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அதை மொதல்ல சொல்லலாமே! ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ரெண்டு குடும்பப் பாஸ் கொடுத்திருக்கோம். இருங்க, பேர் பார்க்கிறேன்." விரலால் பட்டியலில் இறங்கினார். விரல் நின்றது. முகம் மாறியது. "ரம்யா. அப்பா, அம்மா. ரெண்டு பேரும் ரெண்டு மணிக்கே உள்ள போயிட்டாங்க."

"யாரு போயிட்டாங்க?" என்றார் அத்தை.

"ரம்யாவோட அம்மா, அம்மா."

"அப்ப நான் யாரு?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த ஆட்டத்துக்கும் வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை என்பதால் ரம்யா தன் பாஸ்களை எப்போதும் யாருக்காவது கொடுத்துவிடுவாள். நாங்கள் வருவது தெரியாததால் இன்றும் கொடுத்திருக்கிறாள். ரகசியம் காத்த லட்சணம்!

நாற்காலி டிக்கெட் மட்டும் மிச்சம் இருந்தது. நான் பையைத் திறந்தேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

"நானூறா? வேண்டாங்கண்ணு. அந்தக் காசுக்கு அவளுக்குக் கையுறை வாங்கலாம். நீ போ. நான் இந்தச் செவுத்தோரம் நிக்கறேன். சத்தம் கேட்டாப் போதும், என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்குவேன்."

சொல்லிவிட்டு நிஜமாகவே சுவரை நோக்கி நடந்தார். 255 கிலோமீட்டர் வந்து சுவரைப் பார்ப்பதற்கா? நான் காவலாளியிடம் திரும்பினேன். "ஸார், உள்ள இருக்கிற ரம்யாவோட அம்மாவை ஒரு நிமிஷம் கூப்பிடுங்க. அசல் யாருன்னு தெரிஞ்சிரும்."

அவருக்கும் சுவாரசியம் தட்டியிருக்க வேண்டும், ஆள் அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் பட்டுப்புடவையும் கூலிங் கிளாஸுமாக ஓர் அம்மா வேகவேகமாக வந்தார். புத்தூர்க்காரர், பெயர் பூர்ணிமா. எங்கள் அணித் தடுப்பாட்டக்காரி ரேஷ்மாவின் பெரியம்மா. ரேஷ்மாவின் இரண்டு பாஸை அவளுடைய அப்பா அம்மாவே எடுத்துக்கொள்வதால், இந்தப் பக்கம் ஆட்டம் நடக்கும்போதெல்லாம் பூர்ணிமாவும் அவர் கணவரும் ரம்யாவின் பாஸில் வருவார்களாம்.

"நீங்களா ரம்யா அம்மா?" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். கன்னடத்தில்தான் பேசினார். அத்தைக்கு அது தண்ணீர்பட்ட பாடு. "மூணு தடவை நான் உங்க இடத்துல உட்கார்ந்து கத்தியிருக்கேங்க. தொண்டையே போயிருச்சு. என்னைத் திட்டாதீங்க."

"எதுக்குத் திட்டறேன்? நான் கத்த வேண்டியத நீங்க கத்தியிருக்கீங்க" என்றார் அத்தை.

பூர்ணிமாவின் கணவர் பின்னாலேயே வந்து, யாரும் கேட்காமலே தன் பாஸை நீட்டினார். கால்பந்து என்றால் அவருக்குத் தூக்கம் வருமாம், காரிலேயே தூங்கிக்கொள்கிறாராம். அவர் முகத்தில் அவ்வளவு விடுதலை.

காவலாளி பட்டியலைப் பார்த்து இழுத்தார். "இது அப்பா பாஸ் ஆச்சே."

"அந்த வேலையும் பத்து வருஷமா நான்தான் பாக்கறேன்" என்றார் அத்தை. ரம்யாவின் அப்பா இறந்து அவ்வளவு காலம் ஆகிறது. காவலாளி வேறு எதுவும் கேட்காமல் கயிற்றைத் தூக்கிவிட்டார்.

மாலை 3.30. குடும்பங்களுக்கான வரிசையும் அதை ஒட்டி எங்கள் இருபது டிக்கெட் இடமும் கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் இருந்தன. ரம்யா முதுகைக் காட்டி நின்றாள். பூர்ணிமா வழக்கம்போல "ரம்யா! ரம்யா!" என்று அலறினார். அசல் அம்மாவோ முந்தானை நுனியை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் திரும்பிப் பார்த்தால் பந்து போய்விடுமே என்ற பயம்.

இருபதாவது நிமிடம் நாங்கள் ஒரு கோல் போட்டோம். ஐயாயிரம் பேர் இருந்திருப்பார்களோ என்னவோ, அத்தனை பேரும் சட்டென்று மௌனமானார்கள். அந்த மௌனத்தில் எங்கள் இருபது டிக்கெட்காரர்களின் கூச்சல் மட்டும்! வெளியூரில் கோல் போடும் சுகம் சொந்த ஊரில் கிடைக்காது, சத்தியமாக.

இடைவேளையில் மழை பிடித்தது. அணிகள் பக்கம் மாற, நாங்களும் ரம்யாவின் கோல் கம்பத்துப் பக்கமாகவே இடம் மாறி உட்கார்ந்தோம். எதிரணி வரிசையாகக் கார்னர் அடித்தது. ரம்யா ஒவ்வொன்றையும் எகிறிக் குத்தி வெளியே தள்ளினாள். "ஏன் பிடிக்காமக் குத்தறா?" என்று அத்தை பல்லைக் கடித்தார். எழுபத்தெட்டாவது நிமிடம் ஒரு ஃப்ரீ கிக். ரம்யா அதைப் பிடிக்கப் போனாள். நனைந்த பந்து கையிலிருந்து வழுக்கி உள்ளே உருண்டது. ஒன்றுக்கு ஒன்று. மைதானமே அதிர்ந்தது. ரம்யா சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை எழுந்தார். வாயிலிருந்து முந்தானை விழுந்தது.

"எந்திரி கண்ணு! ஈரக் கல்லு அது, ஆரு கையிலயும் நிக்காது! குத்தித் தள்ளு, நீ செஞ்சதுதான் சரி!"

அத்தனை இரைச்சலிலும் அவள் கேட்டாள். தலையைத் திருப்பினாள். வரிசை வரிசையாகத் தேடி, கண்டுபிடித்தாள். கையுறையோடு முகத்தைத் துடைத்ததில் முகம் முழுக்கச் சேறு. எழுந்து நின்றாள். அடுத்த ஆறு நிமிடத்தில் மூன்று பந்துகள் வந்தன. மூன்றையும் குத்தித் தள்ளினாள். மூன்றாவதை எழும்பிப் படுத்தவாக்கில் அடித்தபோது, எதிரணிக் கேலரியிலேயே கை தட்டினார்கள். பூர்ணிமா பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "ரம்யா அம்மா, இவங்கதான்" என்று அத்தையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு இடி இறங்கியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், மழை விடாததால் அது மறுபடி தொடங்கவே இல்லை. இரண்டு அணியும் கூட்டு வெற்றியாளர்கள். கோப்பை ஆளுக்கு ஆறு மாதம், முதலில் யாருக்கு என்பதற்கு நாணயம் சுண்டினார்கள். தோற்றோம். கோப்பை மைசூர் வரும்போது ரம்யா கல்லூரியில் இருக்க மாட்டாள். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. சேறும் சகதியுமாக ஓடிவந்து அத்தையின் மேல் விழுந்தாள்.

"எப்பம்மா வந்த?"

"மொதல்லேர்ந்தே இருக்கறேன். சேலையெல்லாம் சேறாக்கிட்ட பாரு."

அணி வேன் அன்று மாலையே கிளம்பியது. ரம்யா பயிற்சியாளரிடம் கெஞ்சி எங்களோடு தங்கினாள். பூர்ணிமா எங்களை விடுவதாக இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த அவர் கணவர் கார் ஓட்ட, 52 கிலோமீட்டர் தள்ளி புத்தூரில் அவர்கள் வீட்டில் நீர்த்தோசையும் கோழிக்குழம்பும். அங்கே மறுபடியும் ஆட்டத்தை நாற்காலி, டம்ளர் எல்லாம் வைத்து ஆடினோம்.

திங்கள் காலை 6.30, புத்தூர். மூன்று பூஜ்ய டிக்கெட். மைசூருக்கு 203 கிலோமீட்டர். பஸ் கிளம்பியதும் அத்தை கேட்டார்.

"நேத்தோட எத்தன ஆட்டம் ஆடியிருக்க?"

"முப்பத்திரண்டும்மா."

"ஒண்ணு பாத்துட்டேன். மிச்சத்தச் சொல்லு. மொதல் ஆட்டத்துலேர்ந்து. வுடாமச் சொல்லோணும்."

ரம்யா என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். சொல்ல ஆரம்பித்தாள். சுள்ளியாவில் இறங்கும்போது நான்காவது ஆட்டம் முடிந்திருந்தது. மடிக்கேரி ஏற்றத்தில் ஏழாவது. குஷால்நகரில் பதிமூன்று. கேட்டைப் பார்த்து நின்று கோல் விட்ட அந்த ஆட்டத்தை அவள் தாண்டிப் போகப் பார்த்தாள். அத்தை விடவில்லை, அதையும் கேட்டார், கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் திரும்பியிருந்தார். ஹுன்சூரில் பத்தொன்பது. பக்கத்து சீட்டுக்காரர்களும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு தாத்தா இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினார்.

மங்களூர் எங்களைவிடக் கால்பந்து தெரிந்த ஊர், கேலரி கட்டி டிக்கெட் விற்கிற ஊர். எங்கள் மைதானத்தில் சுற்றுச்சுவரே பாதிதான் இருக்கிறது. ஆனால் இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்த யாரிடமாவது சிறந்த கோல்கீப்பர் எந்த ஊர் என்று கேட்டிருந்தால் ஒரே பதில்தான் வந்திருக்கும்.

மதியம் 1.20, மைசூர் பஸ் நிலையம். இருபத்திரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் எங்கள் சீட்டுக்கு வந்து கம்பியைத் தட்டி, கடைசி நிறுத்தம், இறங்குங்கள் என்றார்.

அத்தை மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க தம்பி. கார்னர் அடிக்கப் போறாங்க."