ஜன்னல் பக்கம் படுப்பவள்

எங்கள் கட்டடத்தில் அவளைக் கண்டக்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. சொந்த நாட்டில் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துப் பிழைத்தவள். கூட்டத்தில் நின்றபடியே ஒரு குட்டித் தூக்கம் போடுவாள், முகத்தைப் பார்த்தே எவன் டிக்கெட் எடுக்காமல் இறங்கப் பார்க்கிறான் என்றும் சொல்லிவிடுவாள். லீவு போட்டுவிட்டு, திரும்பிப் போக விமான டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சின்னப் பெட்டியோடு இங்கே வந்தாள். வந்தது என் மேல்வீட்டு லிஃப்ட்காரரைப் பார்க்க.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் பழுது பார்ப்பவர். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக அவள் ஊருக்குப் போனவர் பஸ்ஸில் பையைத் தொலைத்தார். அவள் எடுத்து வைத்திருந்து கொடுத்தாள். அதற்கு நன்றி சொல்ல ஆரம்பித்த போன் பேச்சு இரண்டு வருஷம் ஓடியது. பேச்சு என்பதே மிகைதான். அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு விடிந்துவிடும். லிஃப்டில் என்ன கோளாறு என்று கேட்டால் மட்டும் மடை திறந்த மாதிரி பேசுவார். மற்றதெல்லாம் அவளே பேசி அவளே சிரித்திருப்பாள்.

ஊர் திரும்ப வேண்டிய வாரத்தில், போகாமல் இருந்துவிடேன் என்று அவர் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் காதல் வசனம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள், சாட்சிக்கு நான். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருவது என் வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். மனசாரப் போனேனா என்று கேட்டால், இல்லை. லிஃப்ட்காரரின் முதல் மனைவி என் சிநேகிதி.

என் சிநேகிதி கடைசிவரை லிஃப்டில் ஏறவே இல்லை. எந்த லிஃப்ட் எங்கே நின்றது, எந்தக் கம்பி எப்படி அறுந்தது என்று தினமும் புருஷன் வாயால் கேட்கிறவள் எப்படி ஏறுவாள்? மூன்றாம் மாடிக்குப் படியில்தான் போவாள். நெஞ்சில் சளி, மூச்சு வாங்கும். இரண்டாம் மாடியில் என் வீட்டு வாசலுக்கு எதிரே படியில் உட்கார்ந்து, கொஞ்சம் காற்றையும் நிறைய வம்பையும் வாங்கிக்கொண்டு போவாள். அப்படி உட்கார்ந்தவள் ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே அவளுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். நாலு வருஷம் ஆகிறது. இன்னமும் அந்தப் படியில் என் கால் படுவதில்லை, தாண்டித்தான் போகிறேன்.

சுற்றிப் பார்க்க வந்தவள் மனைவியாகத் தங்க அனுமதி வேண்டும் என்று மனுப் போட்டாள் கண்டக்டர். முடிவு வரும்வரை வேலைக்குப் போகக் கூடாது, நாட்டை விட்டு வெளியே கால் வைக்கவும் கூடாது. வைத்தால் மனு செத்தது. ஊரில் லீவு முடிந்து வேலை போயிற்று, வாடகை வீட்டையும் அவள் அக்கா காலி செய்துவிட்டாள். மனு தள்ளுபடியானால் அந்தச் சின்னப் பெட்டியோடு இல்லாத வேலைக்கும் இல்லாத வீட்டுக்கும் திரும்ப வேண்டியதுதான். மறுபடி உள்ளே விடுவார்களா என்பது கடவுளுக்கே வெளிச்சம். எல்லாம் ஒரே ஒரு விசாரணையில் தொங்கிக்கொண்டிருந்தது. புருஷனை ஓர் அறையிலும் மனைவியை வேறோர் அறையிலும் உட்கார வைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள், பதில்கள் பொருந்தாவிட்டால் கல்யாணமே நாடகம் என்று எழுதிவிடுவார்கள் என்று மனு எழுதிக் கொடுத்தவர் பயமுறுத்தியிருந்தார். அங்கே கேட்கக்கூடியவற்றையும் அவரே சொல்லி அனுப்பினார்.

வேலை இல்லாமல் அவள் அந்த வீட்டில் அடைந்து கிடந்தாள். லிஃப்ட்காரர் நாகரிகம் தெரிந்தவர், முதல் மனைவியின் போட்டோவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். "போட்டோ மாட்டியிருந்தா பரவாயில்லக்கா. அதைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். இப்ப எங்க நிக்கிறாங்கன்னே தெரியல" என்று ஒரு நாள் சொன்னாள். நான் கிண்டல் செய்து பேச்சை மாற்றினேன். ஆனால் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் கேள்விகளுக்குப் பயிற்சி எடுப்பார்கள். உங்கள் மனைவி கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்? ஜன்னல் பக்கம் என்பார் அவர். கண்டக்டர் படுப்பது கதவுப் பக்கம். டீ எப்படிக் குடிப்பார்? சர்க்கரை இல்லாமல் என்பார். இவள் இரண்டு ஸ்பூன் போட்டு அடியில் தங்கியதையும் வழித்துச் சாப்பிடுகிறவள். எப்படி மாடி ஏறுவார்? படியில். இவளோ கீழே பால் வாங்கப் போனாலும் லிஃப்ட். ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்துக்கொண்டே திருத்துவாள், அவரும் தலையில் தட்டிக்கொண்டு சரியாகச் சொல்வார். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். முதலில் அவள் அதை மறதி என்று நினைத்திருக்கிறாள். தப்பு ஒரே மாதிரியாகவே வருகிறதே என்று பிறகுதான் உறைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கீழே வந்து என் சமையலறை வாசலில் நின்றாள்.

"அக்கா, அவங்க டீக்குச் சர்க்கரை போட்டுக்க மாட்டாங்களா?"

"யாரு?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்தவளைத் துருவிக் கேட்க இவள் யார்? ஆனால் இந்த நாலு வருஷத்தில் என் சிநேகிதியைப் பற்றி என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆரம்பித்த நான் நிறுத்தவே இல்லை. காற்று வேண்டும் என்று ஜன்னல் ஓரம் படுத்ததையும், போனைத் தலையணைக்கு அடியில் வைத்ததையும், செருப்பை எங்கே கழற்றினாலும் அவசரமாக ஓடப் போகிறவள் மாதிரி வாசலைப் பார்த்து வைத்ததையும் சொன்னேன். கண்டக்டர் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டு நின்றாள். நான் அழுதபோது அடுப்பை அணைத்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் லிஃப்ட்காரர் எல்லாப் பதிலையும் அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டார். கதவுப் பக்கம், இரண்டு ஸ்பூன், லிஃப்ட். கவலை விட்டது என்று நான் நினைத்தேன். மறுநாள் என் காரில்தான் போனோம். கூடத்தில் வரிசையாக நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் குழாய், சுவரில் சத்தம் போடக் கூடாது என்ற பலகை. முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனவரின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. அதைக் கண்டக்டர் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளையும் வேறு அறைக்குக் கூப்பிட்டார்கள்.

அவர் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அவள் முதலில் வெளியே வந்து நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். நானும் பின்னால் போனேன். உள்ளே நடந்ததை அங்கே நின்றுதான் சொன்னாள். உண்மையைத் தவிர வேறு பேசமாட்டேன் என்று கையை உயர்த்தச் சொல்லிச் சத்தியம் வாங்கினார்களாம். வரும்போதே கல்யாண எண்ணம் இருந்ததா என்று முதல் கேள்வி. இல்லை என்றாள், அது சத்தியமான உண்மை. அடுத்தது கட்டில்.

"ஜன்னல் பக்கம்னு சொல்லிட்டேன்க்கா."

"அடிப்பாவி. நேத்து அவர் சரியாத்தானே சொன்னாரு?"

"நேத்து வீட்ல சொன்னாரு. வீடு மாத்திக்கிட்டுப் போன ஆளுங்களை எவ்வளவு பாத்திருக்கேன் தெரியுமா? தெளிவா இருக்கும்போது புது ஸ்டாப்ல இறங்குவாங்க. தூக்கக் கலக்கத்துலயோ பயத்துலயோ இருந்தா பழைய ஸ்டாப்லதான் இறங்குவாங்க. இவர் முதுகைப் பாத்தேன். பழைய ஸ்டாப்தான்னு முடிவு பண்ணிட்டேன்."

டீ, மாடி, செருப்பு, போன் என்று கேட்டதற்கெல்லாம் என் சிநேகிதியாகவே பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அதிகாரி அடுத்த அறையிலிருந்து வந்த தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பேனாவை மூடிவிட்டு, உங்கள் கணவரும் இதையேதான் சொன்னார், இவ்வளவு பொருத்தமாகச் சொல்கிற தம்பதியைப் பார்ப்பது அபூர்வம் என்று வாழ்த்தினாராம். இதைச் சொல்லும்போது கண்டக்டர் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பக்கத்தில் யாரோ மூன்றாவதாக நிற்கிற மாதிரி இருந்தது.

திரும்பும்போது லிஃப்ட்காரர் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினார். அப்படி அவரை நான் கண்டதே இல்லை. "ஒண்ணுகூடத் தப்பலக்கா. இவளைப் பத்தி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை" என்றார். எவளைப் பற்றி என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கண்டக்டர் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. எனக்கு லீவான ஒரு நாள் மத்தியானத்தில் மேலே கட்டில் நகரும் சத்தம் கேட்டது. சாயங்காலங்களில் படியில் யாரோ ஏறினார்கள். என் வாசலுக்கு எதிரே வந்ததும் நின்று, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஏறினார்கள். கதவைத் திறந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. ஒரு முறை மேலே டீக்கு உட்கார்ந்தபோது அவள் டம்ளரில் சர்க்கரை இல்லை, வாசலில் அவள் செருப்பு வெளியே பார்த்துக் கிடந்தது. லிஃப்ட்காரர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த காய்ச்சல் விட்டவர் மாதிரி நடமாடினார். சில நேரம் பாட்டுக்கூட முணுமுணுத்தார். அவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால், உள்ளதைச் சொல்கிறேன், படியில் அந்த நடை கேட்காத நாளில் நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அனுமதி அட்டை வந்த அன்று மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். அட்டையை எடுத்துக் காட்டினாள். அவள் படம், அவள் பெயர், அவள் பிறந்த தேதி. இனி வேலைக்குப் போகலாம், ஊருக்குப் போய்விட்டு வரலாம். நான் கேட்டே விட்டேன்.

"அதான் வந்துடுச்சே. இன்னும் எதுக்கு இந்த வேஷம்?"

"வேஷமில்லக்கா. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யோட எனக்குத் தூக்கம் வரல. அதான் சொன்னதை எல்லாம் உண்மையாக்கிட்டேன். இப்ப யாரு வந்து கேட்டாலும் பயமில்லை."

"அவர்கிட்ட சொல்லு. மனுஷனுக்கு உறைக்கட்டும்."

"என்னன்னு சொல்ல? நீங்க அவங்களை மறக்கலைன்னா? அது ஒரு குத்தமா?"

ஈரப் போர்வையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் முறுக்கிப் பிழிந்தோம். போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"நாளைக்கு நான் போயிட்டா, அவர் இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டார்னு வைங்க. அவ கீழ வந்து உங்ககிட்ட என்னைப் பத்திக் கேட்டா, என்ன சொல்வீங்க?"

ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். முன்னே அவள் எப்படி இருந்தாள் என்று சொன்னால் அது இன்றைக்குப் பொய். இன்றைக்கு அவள் செய்வதைச் சொன்னால் அது அவளைப் பற்றியதில்லை. அவள் வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தாள். எவ்வளவு தேடியும் என் வாய்க்கு வந்ததெல்லாம் என் சிநேகிதிதான்.