எங்கள் வீட்டுப் பெயர் எழுதிய போர்டுகள்

யோசனை வந்தது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே. வெளியூர்க் குடும்பம் ஒன்று எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லி, அந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று ஒரு ஆட்டோக்காரரிடம் கேட்டது. அவர் கேட்டார்: "எந்தக் கடை சார்? பட்டுப் புடவையா, காபித் தூளா, மெஸ்ஸா, ஸ்பேர் பார்ட்ஸா? போர்வெல்லுன்னா முசரவாக்கம் போவணும், அதுக்கு வேற ரேட்டு."

பக்கத்தில் ஸ்கூட்டரோடு நின்றிருந்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை பேருக்கும் எங்கள் பெயர் எப்படிப் போனது?

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம்; பட்டுக் கடை பெரியப்பாவுடையது. எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டு. இண்டிபேரு என்போம். அப்பா வழியில் வருவது. ஒரே இண்டிபேரு உள்ளவர்கள் எல்லாரும் பங்காளிகள், அதாவது அண்ணன் தம்பி முறை. அவர்களுக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. எங்கள் பெயர் என்ன என்பதை மட்டும் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கடைக்கு ஒருத்தராகச் சண்டைக்குக் கிளம்பி வருவார்கள்.

அன்று சாயங்காலமே ஃபோனில் மேப்பைத் திறந்து, அந்தப் பெயர் உள்ள இடத்திலெல்லாம் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். லாப்டாப்பை மூடியதும் ஸ்கூட்டரை எடுத்துவிடுவேன். போகிற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: இந்தப் பேர் உங்களுக்கு எப்படி வந்தது?

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பெயரில் ஒரு சந்தே இருக்கிறது. சந்து முனையில் இருந்த மெஸ்காரர் கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "கடைய வாங்கும்போது போர்டையும் சேத்து வாங்கினேம்மா. பேர மாத்தினா, ருசி மாறிடுச்சும்பான் சாப்பிட வர்றவன்." முசரவாக்கத்துப் போர்வெல்காரர் விவசாயக் குடும்பம். எங்களுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. "உங்க கடைல புடவை எடுத்துத்தான் என் கல்யாணம் நடந்துது. ராசியான பேரு. லாரில எழுதிட்டேன். அதுலருந்து போட்ட இடத்துலலாம் தண்ணி வருது" என்றார். காபித் தூள்காரர் மட்டும் அசல் பங்காளி. பேரன் காதுகுத்துக்கு வராததற்கு அரை மணி நேரம் திட்டிவிட்டு, அரைக் கிலோ தூள் கொடுத்தனுப்பினார்.

இந்த அலைச்சலில் என் அக்காவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். அதுதான் ஆச்சரியம். அவள் வங்கியில் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதவள். "ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு எப்ப போவ?" என்று முதலில் சும்மா கேட்பதுபோல் கேட்டாள். மறுபடியும் கேட்டபோது வண்டியை ஓரம் கட்டினேன்.

"அங்க யாரு, அக்கா?"

"ஓனர் பையன்" என்றாள் சாலையைப் பார்த்துக்கொண்டு. "பெரியப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு என்றால் பெரியப்பா சொல்வதுதான் முடிவு. அப்பா தன் அண்ணன் எதிரில் உட்காரக்கூட மாட்டார். பெரியப்பா சொன்ன பதிலை அக்கா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "ஒரே பேரு, ஒரே போர்டு. அவன் உனக்கு அண்ணன் முறை ஆவணும். ஊரே சிரிக்கும்மா." சொன்னதோடு நிற்கவில்லை. சேலத்திலிருந்து ஒரு குடும்பத்தை அவளைப் பெண் பார்க்க வரச்சொல்லியும் விட்டார்.

விளையாட்டாக வைத்துக்கொண்டிருந்த புள்ளிகளுக்கு அந்த நிமிஷம் ஒரு வேலை வந்தது. எங்கள் பெயரைச் சுமக்கிறவர்களில் பாதிப் பேர் பங்காளிகளே இல்லை என்று எனக்குத்தான் தெரியுமே! வண்டியை நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு விட்டேன்.

பையன் டெலிவரிக்குப் போயிருந்தான். அவன் அப்பா பிரேக் ஷூ டப்பாக்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. அக்காவுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எனக்குப் போடவில்லை.

"எங்கப்பா ஆரணிலருந்து வந்தவரு. நம்ம ஜனந்தான், நெசவுதான்" என்றார். "உங்க கடைக்குத்தான் ரொம்ப வருஷம் தறில நெய்ஞ்சாரு. புடவைய எடுத்துக்கினு தினம் உங்க கடைக்கும் வீட்டுக்கும் நடந்தாரா, ஜனங்க உங்க பேர் வச்சே அவரக் கூப்பிட்டாங்க. என்னைய ஸ்கூல்ல சேத்தப்ப வாத்தியாரும் அதையே எழுதிட்டாரு. அப்புறம் ரேஷன் கார்டு, கடை போர்டு, எல்லாம் அதே."

"அசல் இண்டிபேரு?"

"அவரு சொன்னதே இல்லம்மா. ஊர்ல தம்பிங்களோட ஏதோ சண்டை. கேட்டா மொறைப்பாரு."

சுவரில் மாலை போட்ட படத்தில் அந்தத் தாத்தா நிஜமாகவே முறைத்துக்கொண்டிருந்தார். அவர் எப்போது போனார் என்று விசாரித்தேன்.

"உங்க பெரியப்பா பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட அன்னிக்குத்தான். அங்க நாயனம், இங்க பறை. ரெண்டும் ஒண்ணா கேட்டுக்கினு இருந்துது. மறக்க முடியுமா?"

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் என் கையை அழுத்தினாள்.

மறுநாள் காலை பெரியப்பாவின் பட்டுக் கடைக்குப் போனேன். பாயில் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தார். கல்லாவில் பெரியம்மா.

"பெரியப்பா, பங்காளி வீட்ல சாவு விழுந்தா நமக்குத் தீட்டுதானே?"

"இதுல என்ன சந்தேகம்? தலை முழுகணும். பத்து நாளைக்குக் கோயிலுக்கே போவக்கூடாது."

"தீட்டுல கல்யாணம் பண்ணலாமா?"

"இன்னா ஆச்சு உனக்கு? எவனாவது பண்ணுவானா?"

"ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தாத்தா செத்த அன்னிக்கு நீங்க பந்தக்கால் நட்டீங்க. அந்த வாரமே உங்க பொண்ணு கழுத்துல தாலி ஏறிச்சு."

பெரியப்பாவின் கை புடவை மடிப்பில் நின்றது. "அவங்க யாரும் எனக்குச் சொல்லி அனுப்பல" என்றார்.

"ஏன் அனுப்பல? பங்காளின்னா அனுப்பியிருப்பாங்கல்ல? பறைச் சத்தம் உங்க காதுலயும் விழுந்துது. நீங்களும் தலை முழுகல. அவங்க பங்காளின்னா அது தீட்டுக் கல்யாணம். பங்காளி இல்லன்னா, அக்காவுக்கு அவரு அண்ணனும் இல்ல. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் கல்லாவிலிருந்து பெரியம்மா எழுந்துவிட்டார்.

"எம் பொண்ணு கல்யாணத்தத் தீட்டுக் கல்யாணம்னு எவ சொல்றது? ரெண்டு பேரப் புள்ளைங்க பொறந்து ஸ்கூலுக்குப் போவுது! அவங்க பங்காளியே இல்ல. இன்னாங்க, சொல்லுங்களேன், இல்லன்னு!"

இந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஆள் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், பாதி மடித்த புடவையைப் பார்த்தார்.

"வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீ" என்றார். "சரி, பங்காளி இல்ல. ஒத்துக்கறேன். அப்ப அவங்க இண்டிபேரு இன்னா? பேரே தெரியாத வீட்ல எப்படிப் பொண்ணு குடுக்கறது? பத்திரிகைல இன்னா போடுவ, ஸ்பேர் பார்ட்ஸ்னா?"

"பேரக் கொண்டாந்தா?"

"கொண்டா. அதுவும் நமக்குப் பங்காளி முறை வர்ற இன்னொரு பேரா இல்லாம இருக்கணும். அப்படி இருந்தா பேசலாம். சேலத்துக்காரங்க வர்றதுக்குள்ள கொண்டா."

மறுபடியும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. இந்த முறை எனக்கும் ஸ்டூல் கிடைத்தது. தாத்தா இறந்தபோது ஆரணிக்குச் சொல்லி அனுப்பினீர்களா என்று கேட்டேன். அந்தப் பக்கம் போன ஒரு நெசவாளர் மூலம் அனுப்பினார்களாம். இரண்டு பேர் வந்து, காரியம் முடிகிறவரை இருந்து, தலை முழுகிவிட்டுப் போனார்களாம். பழைய சண்டையின் மிச்சமோ என்னவோ, பேச்சு அதிகமில்லை. அதன்பின் போக்குவரத்தும் இல்லை. வந்தவர்களில் ஒருவர் ஆரணியில் சாயப்பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னது மட்டும் பையனின் அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு அது போதும். தாத்தாவுக்காகத் தலை முழுகியவர்களின் பெயர்தான் தாத்தாவின் பெயர்.

சேலத்துக்காரர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. காலையில் முதல் பஸ்ஸுக்கு நானும் அக்காவும் ஆரணி கிளம்புகிறோம். பையன் தனியாக பைக்கில் வருகிறான், அது பெரியம்மாவின் கண்டிஷன். ஆரணியில் சாயப்பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றாக ஏறி, காஞ்சிபுரத்தில் ஒரு சாவுக்குப் போய் வந்தவர் யார், அவர் இண்டிபேரு என்ன என்று கேட்கப்போகிறோம்.