தன்னந்தனியாக என்று எழுதினேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில், செய்யாற்றை ஒட்டிய எங்கள் ஊரில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் விடிகாலையில் ஏரிக்கரை உடைந்தது.

நான் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். எழுபதைத் தாண்டியவன். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறேன். எதையும் எண்ணிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. எந்த வெள்ளத்திலும் இடிந்த வீடு எத்தனை, செத்த ஆடு எத்தனை என்று தெருத்தெருவாக எண்ணி அனுப்பியவன். அன்று என் வீட்டுக்குள்ளேயே கட்டில் சட்டம் வரை தண்ணீர்.

பின் தெருப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். நடவு, களை என்று கூலிக்குப் போகிறவள். என் மகள் வயதிருக்கும். அவளிடம் இருந்தது ஒரே கறவை மாடு. அதன் பாலில்தான் எனக்குக் காலைக் காபி.

"வா நைனா, சீக்கிரம். உன்ன மேட்டுல வுட்டுட்டுப் போயி மாட்ட அவுக்கணும்."

நான் நகரவில்லை. மனைவியின் புடவைகள் இருந்த டிரங்குப் பெட்டியும் வர வேண்டும் என்று அடம் பிடித்தேன். பதினாறு புடவை. முந்தின வாரம்தான் ஈரம் ஏறுமோ என்று பயந்து, எண்ணி மடித்து வைத்திருந்தேன்.

"பொடவையா இப்ப முக்கியம்? மாடு கட்னது கட்னபடி கீது நைனா!" என்று கத்தினாள். ஆனாலும் ஒரு பக்கம் பிடித்தாள். வாசலைத் தாண்டியதும் எனக்குக் கால் வழுக்கியது, பெட்டி போயிற்று. அதை எட்டிப் பிடிக்கப் போன என்னையும் அவள்தான் இழுத்து நிறுத்தினாள். பள்ளிக்கூட மேட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு அவள் திரும்பி ஓடியபோது, கொட்டகை இருந்த இடத்தில் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பத்திரிகையில் கேட்டார்கள், நீங்கள் இழந்ததையே முந்நூறு வார்த்தைக்குள் எழுதுங்களேன் என்று. புடவைகளைப் பற்றி எழுதினேன். ‘இடுப்பளவு தண்ணீரில் தன்னந்தனியாக நின்று, என் மனைவி இரண்டாம் முறை போவதைப் பார்த்தேன்’ என்று முடித்தேன். முதலில் எழுதியபோது அந்தப் பெண்ணும் இருந்தாள். அவள் வந்தால் மாடும் வரும். மாடு வந்தால், அது ஏன் செத்தது என்றும் எழுத வேண்டும். அடித்துவிட்டேன். கட்டுரை வந்ததும் பலர் ஃபோன் செய்து அழுதார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

அந்த வாரமே அவள் வந்தாள். அவள் மகள் கட்டுரையைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"இன்னா நைனா, தனியா நின்னேன்னு எய்திக்கிற? அப்ப உன் கைய புட்சிக்கினு நின்னது இன்னா, கரெண்டு கம்பமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். மாட்டுக்கு நிவாரணம் கேட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் போயிருக்கிறாள். உடல் இல்லையே, சாட்சி யார் என்று கேட்டிருக்கிறார். என்னைக் காப்பாற்றப் போனதில்தான் மாடு போயிற்று, பேப்பர்காரரைக் கேளுங்கள் என்றிருக்கிறாள். அவர் என் கட்டுரையைப் படித்திருந்தார். அதில் யாருமே இல்லையே என்று அனுப்பிவிட்டார்.

அப்போதே அவளுடன் போய் நடந்ததைச் சொன்னேன். அலுவலர் மரியாதையாகத்தான் கேட்டார்: "சார், இதுவும் நீங்க சொல்றது, அதுவும் நீங்க எழுதுனது. எது நெஜம்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருடமாக அந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்டவன் நான். "எழுதினதுதான் பொய்" என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்; கொடுத்தேன். ஆனால் அன்று காலையே நிவாரணப் பட்டியல் தாலுகா அலுவலகத்துக்குப் போய்விட்டது. அவள் பெயர் கடைசிவரை ஏறவில்லை. பத்திரிகையில் திருத்தம் போடச் சொன்னேன். மனதைத் தொட்ட கட்டுரைக்கு எதற்குத் திருத்தம் என்று விட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "உன் பொண்டாட்டி பொடவைக்கு ஊரே அய்துச்சு நைனா. என் மாட்டுக்கு நான் மட்டுந்தான்."

இப்போது அவள் வீட்டிலும் என் வீட்டிலும் பாக்கெட் பால்தான். அந்தக் கட்டுரையை எத்தனையோ முறை வார்த்தை வார்த்தையாக எண்ணிப் பார்த்துவிட்டேன். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுதான் வருகிறது. ‘அவள் மாடு’ என்று இரண்டு வார்த்தை எழுத இடம் இருந்தது. ஒவ்வொரு காலையும் பால் பாக்கெட்டின் முனையை வெட்டும்போது, இடம் போதவில்லை என்று என்னிடமே சொல்லிக்கொள்ள முடியாமல் நிற்கிறேன்.