தம்பியிடமிருந்து திரும்பி வந்த பெட்டி

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் 'தூதர்' என்று பட்டப்பெயர். டிவியோடு இணைத்து விளையாடுகிற கேம் பெட்டி ஒன்றை அவருடைய கம்பெனி செய்துகொண்டிருந்தது. பெட்டியைச் செய்வது உள்ளே இருக்கிறவர்கள் பாடு. வெளியே கேம் எழுதுகிற கம்பெனிகளைத் தேடிப் போய், எங்கள் பெட்டிக்கும் எழுதுங்கள் என்று கேட்பது இவர் பாடு. கேட்பது என்ன கேட்பது, காலில் விழாத குறைதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற இந்த மனிதரை எந்தப் புண்ணியவான் அந்த வேலையில் உட்கார வைத்தானோ!

கேம் எழுதுகிறவர்களுக்குக் கம்பெனி ஒரு சோதனைப் பெட்டியை இரவல் கொடுக்கும். கறுப்பாக, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனத்தில் இருக்கும். எழுதியதை அதில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வார்கள். இவரே காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பார். ஆரம்பத்தில் நிறைந்த காரோடு போய்க் காலிக் காரோடு வருவார். கேம் பெட்டி கடைக்கு வந்த பிறகு அது தலைகீழானது. காலியாகப் போனார், திரும்பும்போது பின்சீட்டு முழுக்க, வேண்டாமென்று அவர்கள் திருப்பிக் கொடுத்த பெட்டிகள். இவர் பிரிவின் நடைபாதையில் அவற்றை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை, கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டாக வைத்திருந்தார்கள்.

"பெட்டியில என்னதான் கோளாறு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பெட்டி நல்ல பெட்டிதான். ஆனா உள்ள இருக்கிற சிப் வேற மாதிரி. மத்த கம்பெனிப் பெட்டிக்கு எழுதின கேமை இதுக்குக் கொண்டுவரணும்னா பாதியத் திரும்ப எழுதணும். அவ்வளவு பாடுபட்டா எத்தனை பேர் வாங்குவாங்கன்னு கேக்கறாங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"கடையில வாங்க வர்றவன், இதுல என்னென்ன கேம் இருக்குன்னு கேக்கறான். கேம் எழுதறவங்க, எத்தனை பேர் வாங்கியிருக்காங்கன்னு கேக்கறாங்க. ரெண்டு பேருக்கும் என்கிட்ட பதில் இல்ல."

கம்பெனி தானே செய்த கேம்கள் இரண்டு இருந்தன. வாங்கியவர்கள் அந்த இரண்டையும் ஆடி முடித்துவிட்டுப் பெட்டியை அலமாரி மேலே ஏற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பெட்டியும் அங்கேதான் இருந்தது.

என் தம்பி டயர் கடை மாடியில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு கேம் எழுதுகிறவன். ஊர் முழுக்கப் பேருந்து ஓட்டிப் பயணிகளை ஏற்றி இறக்குகிற அவனுடைய கேம், மற்ற பெட்டிகளில் சக்கைப்போடு போட்டது. இவருடைய மேலாளருக்கு அது தெரிந்துவிட்டது. உங்கள் மச்சானைக் கொண்டுவாருங்கள், அவர் வந்தால் மற்றவர்களும் வருவார்கள், இல்லையென்றால் இந்தப் பிரிவையே மூடவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

இவர் வீட்டில் மூச்சுவிடவில்லை. உடன் வேலை பார்ப்பவரின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"மாமா வேலை உன் கையிலதான்டா இருக்கு."

"அக்கா, நாங்க அஞ்சே பேரு. ஒரு நேரத்துல ஒரு வேலைதான் பண்ண முடியும். இதுல ஒரு வருஷம் உக்காந்து அது விக்கலன்னா கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதான்." பிறகு, "சரி விடு. மாமாவுக்காகப் பண்றேன்," என்றான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் பயம் தெரிந்தும் நிம்மதி என்றுதான் சொல்லவேண்டும், வேறு எப்படிச் சொல்வது?

இவர் ஒரு சோதனைப் பெட்டியைக் கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து சாப்பாட்டு மேசை மேல் வைத்தார். தட்டு வைக்க இடமில்லாமல் நான் நின்றேன்.

"என்னாச்சு?"

"மேலிடத்துல உங்க கேம் வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்."

"யாரு வேண்டாம்னது? அந்த மேலாளரா?"

"நான்தான்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே விளக்கினார். வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"அங்க, அவங்களோட அடுத்த கேமுக்குப் போட்ட படத்தையெல்லாம் சுவத்துலேர்ந்து கழட்டி மூலையில சுருட்டி வெச்சிருக்காங்க. நம்ம வேலைக்கு இடம் வேணும்னு. படம் வரையற பொண்ணு எனக்கு டீ கொடுத்துட்டு, வேற யாரெல்லாம் சார் எழுதறாங்கன்னு கேட்டுது. பேசிட்டிருக்கோம்னு சொன்னேன். கம்பெனியில அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க. யாருமே எழுதல. எல்லா பெட்டியும் திரும்ப வந்தாச்சு."

"அவன் என்ன சொன்னான்?"

"கோவப்பட்டான். எங்க கேம் உங்க ஆளுங்களுக்கு அவ்வளவு இளப்பமாப் போச்சான்னு கேட்டான்."

"உண்மையச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, பரவாயில்ல மாமா, உங்களுக்காகப் பண்றேன்னு உக்காந்துடுவான். உன் தம்பிய உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவரிடம் கத்தித் தீர்த்திருக்கவேண்டும். கத்துவதில் எனக்கு யாரும் இணையில்லை. ஆனால் அன்று ஒன்றும் வரவில்லை, அழுகைகூட. பெட்டியைக் கீழே இறக்கினார், கை கழுவினார், சாப்பிட்டார். நான் பரிமாறினேன்.

சொன்னபடியே பிரிவை மூடினார்கள். கொஞ்ச நாளில் கேம் பெட்டியையும் நிறுத்திவிட்டார்கள். கடைகளில் அது தள்ளுபடி மேடையில் குடைகளுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவில் கிடந்தது. ஒருநாள் இவர் அதன் முன்னால் நின்று, சாய்ந்திருந்த ஒரு பெட்டியை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். இப்போது பிரிண்டர் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. அங்கே பட்டப்பெயர் எதுவும் இல்லை. தம்பி ரொம்ப நாள் இவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொல்கிறேன் என்று நான் கிளம்பும்போதெல்லாம், "விடு, வேலை போனது தன்னாலன்னு நினைப்பான்," என்று தடுத்துவிடுவார்.

தம்பியின் அடுத்த கேம் வந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. டயர் கடை மாடியை விட்டுப் பெரிய இடத்துக்கு மாறினார்கள். புது அலுவலகத்துக்கு எங்களையும் கூப்பிட்டு, எல்லோர் கையிலும் கேக் கொடுத்தான். சந்தோஷத்தில் பழைய கோபம் கேலியாக மாறியிருந்தது.

"எங்க மாமா கம்பெனியில ஒரு தடவை எங்களை வேண்டாம்னு துரத்திவிட்டாங்க," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "அன்னைக்கு மட்டும் எங்களை எடுத்திருந்தாங்கன்னா, இன்னைக்கு அஞ்சு பேரும் நடுத்தெருவுல. என்ன மாமா, உங்க ஆளுங்களுக்கு எங்க அருமை தெரியலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். படம் வரைகிற பெண் கைதட்டியே சிரித்தாள்.

"ஆமா மாப்ள," என்றார் இவர். "அவங்களுக்கு விவரம் பத்தாது."

நான் வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. தன் தட்டிலிருந்த கேக்கையும் எடுத்து என் தட்டில் வைத்து, "சாப்பிடு," என்றார்.

சாப்பிட்டேன்.